வெட்டியெடுத்த குரல்

நிஹ்லாவுக்கு முரட்டுக் கதாநாயகர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. கதவை உதைத்துத் திறக்கிறவன், காதலியின் கையை முறுக்கிவிட்டுப் பிறகு அழுகிறவன், இவர்கள் வந்தால் அந்த நாவலை அவள் பாதியிலேயே மூடிவிடுவாள். "இவனோட ஒரு கிழமை இரிந்து பாக்கட்டும், அந்தப் புள்ள உம்மாட ஊட்டுக்கு ஓடி வந்திரும்" என்று அவள் சொல்வது, அவளுடைய சிரிப்போடு சேர்ந்து, வாட்ஸ்அப் வழியாகச் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இருந்த சில பெண்களின் காதுகளுக்குப் போய்ச் சேரும்.

அவளுக்கு இருபத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு, அரச வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சாய்ந்தமருதில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலக் காதல் நாவல்களைத் தொலைபேசியிலேயே வாசிப்பாள். ஒருநாள் அவளுடைய பெரியம்மா மகள் பஹ்மிதா, "எங்களுக்கு இங்கிலீசு தெரியா. நீ வாசிச்சிட்டு எப்பிடி இரிந்திச்செண்டு சொல்லன்" என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது. பஹ்மிதா தன் கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்தாள். கணவன்மார் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பவர்கள், தறியில் இருந்துகொண்டே கேட்பவர்கள் என்று ஆள் சேர்ந்தது. பகல் சமையல் முடிந்ததும் நிஹ்லா கிணற்றடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து குரல் பதிவு செய்வாள்.

வெறும் கதைச் சுருக்கம் அல்ல அது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பிரித்துச் சொல்வாள். பறக்கும் நாகங்களும் போர்களும் நிறைந்த ஒரு தடித்த நாவலைப் பற்றி, "சண்டைக்குள்ள காதலத் தேடிப் பிடிக்கவே எனக்குக் களைச்சுப் போச்சு. ஆக்கள்ட பேரும் வாயில நுழையிதில்ல" என்றாள். பல் வைத்தியர் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, பக்கத்து வீட்டுத் தச்சனை விரும்புகிற இந்தக் காலத்துக் கதை ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்தத் தச்சன் வாயே திறக்காதவன். கடைசியில் ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் அவளைப் பற்றித் தரக்குறைவாகப் பேசும்போது அவன்தான் எழும்பி நின்று பேசுகிறான். "கதைக்காத மனிசன் கதைக்கிற இடம் அது. நான் அந்தப் பக்கத்தத் திரும்பத் திரும்ப வாசிச்ச. ஆம்புள அழகெண்டா எனக்கு அதுதான்" என்று பதிவில் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் சிலர் அதற்கு அழுகிற முகங்களை அனுப்பினார்கள்.

அவளுக்கும் திருமணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை மருதமுனையைச் சேர்ந்த றிபாத். கட்டாரில் குளிரூட்டிகள் திருத்தும் வேலை. மோதிரம் மாற்றியாகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவன் வந்ததும் நிக்காஹ் என்று ஏற்பாடு. அவளுக்காக வாப்பா கட்டிய வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. றிபாத் மென்மையாகப் பேசுகிறவன். கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. குழுவுக்கு அனுப்புகிற பதிவுகளை அவள் அவனுக்கும் அனுப்புவாள். வேலை முடிந்து அறைக்குப் போகிற பேருந்தில் இருந்து கேட்பதாகச் சொல்வான். "நீ சொல்லக்குள்ள அந்த ஊரே எனக்குத் தெரியிது" என்று ஒரு தடவை சொன்னான். நாவலில் வரும் நல்லவர்களில் ஒருவன் தனக்குக் கிடைத்துவிட்டான் என்று நிஹ்லா நினைத்திருந்தாள். பஹ்மிதாவிடம் அதைச் சொல்லவும் செய்தாள்.

அந்த மாதம் அவள் வாசித்தது ஒரு மாயக் கதை. உப்பளம் காக்கிற ஒருவனுடைய மகள், பறவை அரசன் ஒருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். பகையை முடிக்க நடந்த திருமணம். அரசனுக்கு ஒரு சாபம்: மழை பெய்யும்போது மட்டும்தான் மனித உருவம். மற்ற நேரமெல்லாம் இறகும் அலகும்தான். அவனைக் கண்டு பயந்து அவள் தகப்பன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். அவன் தேடி வருகிறான். அந்த இடத்தை நிஹ்லா கதாநாயகியாகவே மாறிச் சொன்னாள். அது அவளுடைய வழக்கம். நல்ல இடம் வந்தால் 'அவள்' என்பது அவள் வாயில் 'நான்' ஆகிவிடும். வாயில் நுழையாத பெயர்களையும் மாற்றிவிடுவாள். உப்பளக் காவல்காரன் 'வாப்பா' ஆனார்.

"அவர் வருவாரெண்டு எனக்குத் தெரியும். வாப்பாவும் உம்மாவும் படுத்திட்டாங்க. கதவ நான் பூட்டல்ல. மழ புடிச்சிட்டு. அவர் வந்து வாசல்ல நிண்டார். அவர்ட கைய நானேதான் புடிச்ச. எனக்குப் பயமே வரல்ல."

இதற்கு முன்னால் சிறகுகளைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தாள். பின்னால், "இந்த இடத்த எழுதினவ கெட்டிக்காரி. முத்தம் ஒண்டுமில்லாமலே நெஞ்சு அடிக்க வச்சிட்டா" என்று தன் அபிப்பிராயத்தையும் சொல்லியிருந்தாள். றிபாத் அதைக் கேட்டுவிட்டு, "சாபம் தீந்திச்சா? மிச்சத்தச் சொல்லு, எனக்கு வேல ஓடாது" என்று குரலிலேயே பதில் அனுப்பினான்.

பஹ்மிதா அந்தப் பதிவைத் தன் கணவனின் தங்கையான மச்சிக்கு அனுப்பினாள். மச்சி இன்னொருத்திக்கு அனுப்பினாள். எந்தக் கை வெட்டியது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. முன்னும் பின்னும் வெட்டுப்பட்டுப் போய், "அவர் வருவாரெண்டு எனக்குத் தெரியும்" என்பதில் தொடங்கி "பயமே வரல்ல" என்பதோடு முடியும் துண்டு மட்டும் ஊருக்குள் இறங்கியது. அதன் கீழே யாரோ அவளுடைய பெயரையும், வாப்பாவின் பெயரையும், தெருவையும் எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் இருக்கும்போது நடக்கிற வேலை என்றும் எழுதியிருந்தார்கள்.

அவளுடைய வாப்பா அப்துல் கபூர் மீன் வியாபாரி. ஒலுவில் துறைமுகத்தில் படகுகளிடம் மீன் எடுத்து, ஐஸ் போட்டு லொறியில் வெளியூருக்கு அனுப்புகிறவர். அன்று காலை அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். மீன் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் நாலைந்து இளைஞர்கள் ஒரு தொலைபேசியைச் சுற்றிக் கூடி நின்றார்கள். அதிலிருந்து தன் மகளின் குரல் வருவதை அவர் கேட்டார். முதலில், வீட்டில் ஏதோ அவசரம், தன் தொலைபேசிதான் அடிக்கிறது என்று நினைத்துச் சட்டைப்பையைத் தொட்டார். பிறகு சொற்கள் விளங்கின. ஒருவன் நிமிர்ந்து அவரைக் கண்டான். குரல் நின்றது. அப்துல் கபூர் பெட்டிகளை லொறியில் ஏற்றி முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.

பகல் வீட்டுக்கு வந்தவர் கையைக் கழுவினார், சோற்றுக்கு முன்னால் இருந்தார், சாப்பிடவில்லை.

"மகள், இஞ்ச வா" என்றார்.

நிஹ்லா வந்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முன்பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் அன்று அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஹ்மிதா அழுதுகொண்டே செய்தியைச் சொல்லியிருந்தாள்.

"அது ஒண்ட குரலா?"

"ஓம் வாப்பா."

"யார் வந்த?"

"ஒருத்தரும் வரல்ல வாப்பா. அது கத. புத்தகத்தில இரிக்கிற கத. பறவ ராசா ஒராள் வாறார்." சொல்லும்போதே அது எவ்வளவு பொருந்தாத பதில் என்று அவளுக்கு விளங்கியது. "முழுசாக் கேட்டா விளங்கும்."

"போடு."

அவள் போட்டாள். உம்மா அஸீஸா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் நின்று கேட்டாள். தங்கை ஸம்றா அறைக்குள் இருந்து கேட்டாள். பதிவு முடியும் வரை அப்துல் கபூர் ஆறிப்போன சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்ப இது கததான். பொய்யா வெட்டி இரிக்கானுகள். இத முழுசா அவங்களுக்குப் போட்டுக் காட்டினாச் சரி."

"வேணா வாப்பா" என்றாள் நிஹ்லா.

"ஏன் வேணா? நீ பிழை செய்தியா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

பெண்களுக்காகச் சொன்னது அது. ஆண்கள் இருந்து கேட்பதற்கு அல்ல. ஆனால் வாப்பா அப்போது பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்த மனிதனைப் போல இருந்தார். அதைப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். றிபாத்தின் வாப்பா மௌத்தாகி இப்போது இல்லாததால் அவனுடைய மாமா சரீப்தான் அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பு. அவரோடு இன்னும் இரண்டு பேர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் ஒருவரையும் அப்துல் கபூர் சாட்சிக்கு அழைத்திருந்தார். நிஹ்லாவும் உம்மாவும் பஹ்மிதாவும் திரைக்கு உள்ளே நின்றார்கள். கொடுத்த தேத்தண்ணியை வந்தவர்கள் தொடவில்லை.

அப்துல் கபூர் தொலைபேசியை நடு மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிப் பதிவைப் போட்டார்.

மகளின் குரல் முன்னறையை நிறைத்தது. திரைக்குப் பின்னால் நின்ற நிஹ்லாவுக்கு அது வேறு யாரோ ஒருத்தியின் குரலாகக் கேட்டது. எவ்வளவு சந்தோசமாக இருக்கிறாள் அவள். சிறகுகள் வந்தன. உப்பளம் வந்தது. யாரும் தலையை நிமிர்த்தவில்லை. கதவு பூட்டாத இடம் வந்தபோது மரைக்கார் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். "முத்தம் ஒண்டுமில்லாமலே நெஞ்சு அடிக்க வச்சிட்டா" என்று நிஹ்லாவின் குரல் சிரித்தபோது சரீப் கையை உயர்த்தினார்.

"போதும் கபூர் காக்கா. நிப்பாட்டுங்க."

"இன்னும் இரிக்கி. கேளுங்க. அது கத எண்டு அவவே சொல்றா."

"கத எண்டு விளங்கிட்டு. இல்லெண்டு நாங்க சொல்லல்ல." சரீப் குரலை உயர்த்தவில்லை. "ஒரு குமர்ப்புள்ள இதையெல்லாம் வாசிச்சி, ரசிச்சி, பத்து ஊட்டுப் பொம்புளயளுக்கும் சொல்லிக் குடுத்திரிக்கா. ஒருத்தன் வந்த எண்டா அது ஒரு பிழை. இது அப்பிடியில்லயே. இது அவட மனசு."

அப்துல் கபூர் மரைக்காரைப் பார்த்தார். மரைக்கார் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைட்டக் கேளுங்க" என்றார் அப்துல் கபூர். "அவர் என்ன சொல்றாரோ அதுதான். அவருக்கு எங்கட புள்ளையத் தெரியும்."

சரீப் தன் தொலைபேசியில் கட்டாருக்கு அழைப்பு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். திரைக்கு உள்ளே பஹ்மிதா நிஹ்லாவின் கையைப் பற்றினாள். நிஹ்லாவுக்குப் பயம் கொஞ்சம் விலகியது. அவன் முழுப் பதிவையும் கேட்டவன். கேட்டுவிட்டு மிச்சத்தைக் கேட்டவன். அதை அவன் ஒரு வசனத்தில் சொன்னால் போதும்.

"றிபாத், நாங்க கபூர் காக்காட ஊட்டில இரிக்கம்" என்றார் சரீப். "அந்தப் புள்ள கத சொல்லி எல்லாருக்கும் அனுப்புறது ஒனக்குத் தெரியுமா? நீயும் கேக்கிறியா அதுகள?"

அந்தப் பக்கம் ஒரு இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"றிபாத்?"

"எனக்குத் தெரியா மாமா."

"ஒண்டும் தெரியாதா?"

"தெரியா. உம்மா என்ன சொல்றாவோ அப்பிடிச் செய்ங்க."

சரீப் தொலைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

பஹ்மிதா நிஹ்லாவின் காதுக்குள், "ஒண்ட போன்ல அவன்ட குரல் இரிக்கிதான? மிச்சத்தச் சொல்லெண்டு கேட்டது. கொண்டு போய்ப் போடு. இப்பவே போடு" என்றாள். உம்மாவும் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

நிஹ்லா தொலைபேசியைக் கையில் எடுத்தாள். அவனுடைய குரல் அதில் இருந்தது. அதைப் போட்டால் சரீப்பின் முகம் எப்படிப் போகும் என்று அவளால் பார்க்க முடிந்தது. பிறகு நடக்கப்போவதும் தெரிந்தது. வெட்கப்பட்ட குடும்பம் வேறு வழியில்லாமல் அவளை ஏற்றுக்கொள்ளும். பெருநாளுக்குப் பிறகு அவன் வருவான். தெரியா என்று சொன்ன அந்த வாயோடு அவள் காலம் முழுவதும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

அவள் திரையை விலக்கி முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் நின்றாள். ஆண்கள் பார்வையைத் தாழ்த்தினார்கள்.

"வாப்பா, விடுங்க. அவங்க போகட்டும்" என்றாள். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி மேசையில், தொடப்படாத தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்துல் கபூர் அவளைத் தடுக்கவில்லை. அவர் இன்னும் தொலைபேசி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரைக்கார் போகும்போது, "அல்லாஹ் நல்லதக் காட்டுவான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு அவள் றிபாத்துக்கு அவனுடைய குரலையே திருப்பி அனுப்பினாள். வேறு எதுவும் எழுதவில்லை. அவன் கேட்டதற்கு அடையாளம் வந்தது. பிறகு அவனுடைய படம் மறைந்துபோனது. அவளுடைய எண்ணைத் தடுத்துவிட்டான்.

பதிவைப் போட்டுக் காட்டியது எதையும் சரியாக்கவில்லை. ஊர் இப்போது இரண்டாகப் பேசியது. துண்டை மட்டும் கேட்டவர்கள் அவளிடம் யாரோ வந்தான் என்றார்கள். முழுவதையும் அறிந்தவர்கள், வந்தவனைவிட வராதவனை இப்படி நினைக்கிறவள்தான் மோசம் என்றார்கள். முன்பள்ளியில் தாய்மார் முறைப்பாடு சொல்கிறார்கள் என்று சொல்லி அவளைக் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. குழுவில் இருந்து பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மத்தியான நேரங்களில் தொலைபேசியில் அந்த வரி வரும்: இன்னார் வெளியேறினார். அழுகிற முகம் அனுப்பியவளும் வெளியேறினாள். கடைசியில் பஹ்மிதாவும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். பஹ்மிதாவின் கணவன் அவளுடைய தொலைபேசியை வாங்கிவைத்த பிறகு அதுவும் இல்லை.

அப்துல் கபூர் துறைமுகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் பக்கத்துப் பள்ளியை விட்டுவிட்டுத் தூரத்துப் பள்ளிக்குத் தொழப் போனார். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். உம்மா அவளுக்கு முன்னால் அழுவதில்லை. கிணற்றடியில் கிடந்த கதிரையை யாரோ உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் ஸம்றாவுக்குச் சம்பந்தம் வந்தது. சம்மாந்துறைப் பெடியன், கண்ணியமான குடும்பம். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றை மட்டும் பெண்கள் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள்: மூத்தவ வாப்பாவின் வீட்டில் இருக்கக்கூடாது. மூத்தவளுக்கென்று கட்டிய வீட்டைத்தான் இனி இளையவளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இப்பிடியான சம்பந்தம் நமக்கு வேணா" என்றார் அப்துல் கபூர்.

ஸம்றா, "எனக்கும் வேணா வாப்பா" என்றாள். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தை நிஹ்லா கவனித்தாள். தங்கைக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் பெடியனின் படத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள்.

"நான் அக்கரைப்பற்றுக்குப் போறன்" என்றாள் நிஹ்லா. "சாச்சி தனியத்தான இரிக்கா. அவக்கும் துணை."

உம்மா அப்போதுதான் முதன்முதலாக அவளுக்கு முன்னால் அழுதாள். போகாதே என்று சொல்லவில்லை.

உம்மாவின் தங்கையான சாச்சியின் வீட்டில் நிஹ்லா தையல் பழகினாள். அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். தேவைக்கு மேல் பேசுவதில்லை. குரலைக் கேட்டு யாராவது அடையாளம் பிடித்துவிடுவார்களோ என்று கடைகளில் பொருளைக் கையால் காட்டித்தான் வாங்கினாள். சில மாதங்கள் எதையும் வாசிக்கவில்லை. பிறகு வாசித்தாள். இந்தக் காலத்துக் கதைகளும், மந்திரமும் அரண்மனையும் வரும் கதைகளும் முன்போலவே தொலைபேசியில் கிடைத்தன. ஆனால் வாசிப்பு மாறிவிட்டது. முன்பெல்லாம் காதலர்கள் இருவரையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனவள், இப்போது அவர்களைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தாள். அரசவையில் குற்றம் சாட்டும்போது மூலையில் யார் யார் நின்றார்கள், அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று தேடினாள். எழுதியவர்கள் அவர்களுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. தச்சன் கதையை ஒருநாள் மறுபடி திறந்தாள். ஊர்க் கூட்டம் வருகிற அத்தியாயத்தில் மூடிவிட்டாள். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரு தடவை பதிவுப் பொத்தானை அழுத்தியும் பார்த்தாள். மூச்சு மட்டும்தான் பதிவானது. அழித்துவிட்டாள்.

ஸம்றாவின் வலிமாக் கலியாண விருந்துக்கு அவள் போனாள். ஆட்கள் பந்தலுக்குள் இருந்த பகல் நேரத்தில் பின்பக்க வேலியால் வந்து, நேரே குசினிக்குப் போய், பாத்திரம் கழுவ வெளியூரில் இருந்து வந்திருந்த பெண்களோடு குந்திக்கொண்டாள். ஸம்றா மணப்பெண் உடுப்போடே ஓடிவந்து கழுத்தைக் கட்டிப்பிடித்துவிட்டு, கூப்பிட்டவர்களிடம் போனாள். படம் எடுப்பவன் குசினிப் பக்கம் வரவில்லை. சட்டி தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, "நீங்க எந்த ஊருகா?" என்று கேட்டாள். நிஹ்லா கையால் தெற்குப் பக்கம் காட்டினாள். வாய் பேசாதவள் என்று நினைத்து அந்தப் பெண் இரக்கத்தோடு தலையாட்டினாள்.

விருந்து நடந்துகொண்டிருக்கும்போது அப்துல் கபூர் ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் அவரைத் தேடுவதாக யாரோ வந்து சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாறனை ஒதுக்கி, ஈரச் சீமெந்துத் தரையில் மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, தட்டை நடுவில் வைத்தார். அவர் நன்றாக மெலிந்திருந்தார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

"கதயேன் மகள்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"ஆக்கள் இரிக்காங்க வாப்பா" என்றாள் மிகவும் மெதுவாக.

"இரிக்கட்டும். நீ கத."

சட்டி தேய்த்த பெண் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். நிஹ்லா வாயைத் திறந்தாள். என்ன சொல்வதென்று அவளுக்கு வரவில்லை. வாப்பா இறைச்சியில் நல்ல துண்டாக ஒன்றைப் பிரித்து அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, பந்தலுக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே இருந்தார்.